ஏழாம் பக்கத்தில் இருந்தது
ஆங்கிலக் கிராமங்களில் வசிக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊரிலும் எங்கள் ஊரைப் போன்ற ஆங்கிலக் கிராமங்களிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை உங்கள் வாசல் கதவின் தபால் துளை 'டப்' என்று ஒரு சத்தம் போடும். உங்களில் மூன்று வீட்டாருக்கு அந்தச் சத்தத்தைப் போடுகிறவன் நான்தான். ஊர்ப் பத்திரிகையை 46 வீடுகளில் கொண்டுபோய்ப் போடும் வேலை ஐந்து வருடமாக என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு ஷெர்ரி பாட்டில் தருவார்கள். நான் குடிப்பதில்லை, அது எதிர்வீட்டுக்காரருக்குப் போய்விடும்.

பத்திரிகை போடுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. குப்பை எடுக்கும் நாளுக்கு முந்தின இரவு, மறுசுழற்சித் தொட்டிகள் வாசலுக்கு வந்து நிற்கும்போது, அவனையும் அறியாமல் கண் அங்கே போகும். மூடி சரியாக மூடாத தொட்டியில், நான் போட்ட பத்திரிகை மடிப்புக் கலையாமல் பீட்சா விளம்பரத்தோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். யார் வீடு என்று சொல்ல மாட்டேன். கோபமும் இல்லை. முதல் மூன்று வருடம் நானும் அதைத்தான் செய்தேன்.

ஆனால் இந்த ஜனவரியில் ஒன்று நடந்தது. அதற்கப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன செப்டம்பர் இதழின் ஏழாம் பக்கத்தில், செப்டிக் டேங்க் காலி செய்பவரின் விளம்பரத்துக்குக் கீழே, கட்டம் கட்டிய ஓர் அறிவிப்பு இருந்தது. டவுனிலிருந்து நம் ஊருக்கு வரும் இரவு 9.10 பஸ்ஸை நிறுத்தலாமா என்று யோசிக்கிறார்கள், அதில் பயணம் செய்பவர்கள் இந்தச் சீட்டை வெட்டி, நிரப்பி, வில்லேஜ் ஹால் வாசலில் உள்ள பெட்டியில் போடவும் என்று. பெட்டியில் விழுந்தவை 11 சீட்டுகள். அவற்றில் பெரும்பாலானவை, ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுகிற பெரியவர்கள் கொள்கை அடிப்படையில் எதிர்த்து எழுதியவை. அந்த பஸ்ஸில் வாரம் நான்கு நாள் வந்துகொண்டிருந்த ஒருவர் சீட்டுக்கூட அதில் இல்லை. பஸ்ஸில் ஆள் வருகிறது என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போய்விட்டது. ஜனவரியிலிருந்து அந்த பஸ் கிடையாது.

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி என்னை வழியில் நிறுத்தி, "அண்ணா, ஒன்பது மணி பஸ் ஏன் வர்றதில்ல? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இப்போது அவளும் அவளோடு தங்கியிருக்கும் பெண்ணும் மாலை ஷிஃப்ட் முடிந்தால் ஆளுக்குப் பாதியாக 22 பவுண்டு டாக்ஸிக்குக் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த இதழை அவள் வீட்டில் போட்டவனே நான். அவள் அந்த பஸ்ஸில்தான் வருகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். படித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் தட்டி, "ஏழாம் பக்கத்தைப் பாரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

அந்த அரை நிமிடத்தைத்தான் இப்போது இந்த மடலில் ஈடுகட்டப் பார்க்கிறேன்.

சரி, அந்தப் பத்திரிகையில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். ஏ5 அளவு, 24 பக்கம், நடுவில் இரண்டு ஸ்டேபிள் பின். அட்டையில் யாராவது வரைந்த பறவை. உள்ளே புகைபோக்கி சுத்தம் செய்பவர், தோட்ட மண்ணைக் குடையும் மோல் என்ற பிராணியைப் பிடிப்பவர், ஓவன் அடுப்பு கழுவித் தருபவர் ஆகியோரின் விளம்பரங்கள். நடமாடும் நூலக வண்டி பப் வாசலில் எந்தெந்த வியாழக்கிழமை எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம் நிற்கும் என்ற விவரம். தேவாலயத்தில் பூ அலங்காரம் யார் முறை. 'நூறு பேர் கிளப்' குலுக்கலில் பத்து பவுண்டு விழுந்த எண். எந்த வாரம் எந்த நிறத் தொட்டி. காணாமல் போன ஆமை. அடுத்த மாதம், கிடைத்துவிட்ட ஆமை. தோட்டத் திருவிழாவில் கேக் விற்றவர்களுக்கும் கூடாரம் கட்டியவர்களுக்கும் மழை பெய்தும் வந்தவர்களுக்கும் நன்றி.

இந்த நன்றிப் பட்டியலை நான் முதலில் கேலியாகத்தான் படித்தேன். ஒரு திருவிழாவுக்கு இத்தனை நன்றியா என்று. பின்னால்தான் புரிந்தது: ஊரில் யார் எந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார்கள் என்பதற்கு இருக்கும் ஒரே பதிவு அதுதான். வில்லேஜ் ஹாலின் சாவி யாரிடம் இருக்கிறது, விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், பழைய டெலிபோன் கூண்டுக்கு வண்ணம் அடித்தது யார், எல்லாம் அந்த நன்றிகளுக்குள்தான் இருக்கிறது.

காசு சம்பந்தப்பட்டதும் இருக்கிறது. எங்கள் ஊருக்கு எரிவாயுக் குழாய் வரவில்லை. பல கிராமங்களில் இதுதான் நிலை, வீட்டைச் சூடாக்கத் தோட்டத்தில் ஒரு தொட்டி வைத்து மண்ணெண்ணெய் நிரப்புகிறோம். தனியாக ஆர்டர் செய்தால் குறைந்தது 500 லிட்டர் வாங்க வேண்டும், அன்றைய விலைதான். ஊரில் முப்பது வீடு சேர்ந்து ஒரே நாளில் ஆர்டர் கொடுத்தால் லாரி ஒரு முறை வந்தால் போதும், விலையைப் பேசிக் குறைக்கலாம். அந்தக் கூட்டு ஆர்டரின் கடைசித் தேதி ஒவ்வொரு இதழிலும் 3ஆம் பக்கத்தில் வருகிறது. நமக்குள் ஒரு வீட்டார் இரண்டு குளிர்காலமாகத் தனியாகவே வாங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டபோது, "அது அவங்க சங்கமாச்சே, நம்மளைச் சேர்ப்பாங்களா?" என்றார்கள். சேர்ப்பதற்கு ஒரு போன் போதும். லாரிக்காரருக்கு லிட்டர் கணக்கு மட்டுமே முக்கியம்.

இந்த 'அவங்க' என்ற சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. பாரிஷ் கவுன்சில் என்கிற ஊர்க் கவுன்சில் பற்றிப் பேச்செடுத்தபோது ஒரு நண்பர், "நாங்க இந்துங்க அண்ணா, சர்ச் விஷயத்துல எதுக்கு தலையிடணும்" என்றார். நியாயமான குழப்பம்தான். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் பாரிஷைப் 'பங்கு' என்பார்கள், பங்குப் பேரவை என்றால் கோயில் காரியம். இங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஊர்க் காரியங்களைத் தேவாலயத்தின் வெஸ்ட்ரி என்ற கூட்டம் கவனித்துவந்தது. 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதைப் பிரித்தது. தேவாலயக் காரியம் ஒரு பக்கம், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்க் கவுன்சில் இன்னொரு பக்கம். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு வருவதற்கு 24 வருடம் முன்பே, தகுதியுள்ள பெண்கள், மணமானவர்களும் சேர்த்து, இந்தக் கவுன்சில்களுக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. பெயரில் மட்டும் 'பாரிஷ்' ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்று எதிலும் கேட்பதில்லை.

கேட்காவிட்டாலும் உங்களிடம் பணம் வாங்குகிறார்கள். உங்கள் கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். கவுன்ட்டி, மாவட்டம், போலீஸ் என்று வரிசையாக இருக்கும் தொகைகளுக்கு நடுவில் உங்கள் ஊரின் பெயரில் சின்னதாக ஒரு தொகை இருக்கும். பிரிசெப்ட் என்பார்கள். ஊர்க் கவுன்சிலின் முக்கிய வருமானம் அதுதான். பஸ் நிறுத்தத்தின் கூரை, பெஞ்சு, புல்வெளி, விளையாட்டுத் திடல், சில ஊர்களில் தெருவிளக்கு, இடுகாடு இவையெல்லாம் அதிலிருந்துதான் நடக்கின்றன. உங்கள் பக்கத்து வயலில் 60 வீடு கட்ட யாராவது விண்ணப்பித்தால் முடிவெடுப்பது மேலே உள்ள கவுன்சில், ஆனால் ஊர்க் கவுன்சிலின் கருத்தைக் கேட்டுத்தான் எடுப்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் இந்த வரியைக் கட்டுகிறோம். கட்டிவிட்டு, அது என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது நம் பழக்கமா என்ன? ஊரில் கோயில் கொடைக்கு 50 ரூபாய் வரி கொடுத்தவன் கணக்கு வாசிக்கும் நாளில் எப்படி முன்வரிசையில் உட்காருவான் என்று நமக்குத் தெரியாதா?

அடுத்து, எனக்குப் பல பேர் சொல்லும் பதில்: "நாம இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லையே." இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த் நாடுகள். அந்தப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கும் 18 வயதானவர் யாராக இருந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வேலை விசா போதும், நிரந்தரமாகத் தங்கும் உரிமை தேவையில்லை. ஊர்க் கவுன்சிலுக்கு மட்டுமல்ல, நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கலாம். ஆன்லைனில் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய ஐந்து நிமிடம். 2023 மே மாதத்திலிருந்து வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாளம் கொண்டுபோக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அதற்கு உங்கள் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டே செல்லும். ஒரு கொசுறு லாபமும் உண்டு. வீட்டுக்கடன் கேட்கும்போது உங்கள் கிரெடிட் அறிக்கையைத் தயாரிக்கிறவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜனநாயகத்துக்காக இல்லாவிட்டாலும் மார்ட்கேஜுக்காகவாவது பதிவு செய்யுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கவுன்சிலில் உட்காருவதற்குத்தான் விதி கொஞ்சம் கடினம். பிரிட்டிஷ் குடிமகனாகவோ, நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்ற காமன்வெல்த் குடிமகனாகவோ இருக்க வேண்டும். நம்மில் சிலருக்கு அது இருக்கிறது. எங்கள் கவுன்சிலில் ஓர் இடம் ஏழு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. அறிவிப்பு வந்தபோது பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டிருந்தால் தேர்தல் நடந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. அதனால் இப்போது விருப்பம் தெரிவிப்பவர்களிலிருந்து ஒருவரைக் கவுன்சிலே தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். விருப்பம் தெரிவிக்கும் ஆளைத்தான் காணோம்.

இந்தக் கூட்டங்கள் சுவாரசியமாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். நான் போன முதல் கூட்டத்தில் பார்வையாளர்கள் மூன்று பேர். நாய்க் கழிவுக்குத் தனித்தொட்டி வைக்கலாமா வேண்டாமா என்று 40 நிமிடம் பேசினார்கள். முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. சில சமயம் சண்டையும் வரும். செஷயரில் ஹேன்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் 2020 டிசம்பரில் ஜூமில் நடத்திய கூட்டத்தின் வீடியோ உங்கள் வாட்ஸாப்புக்கும் வந்திருக்கும். "உங்களுக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை, ஜாக்கி வீவர்" என்று தலைவர் கத்த, கூட்டத்தை நடத்திக் கொடுக்க வந்திருந்த அந்த அம்மா பதறாமல் அவரையே கூட்டத்திலிருந்து வெளியேற்றி ஜூமின் காத்திருப்பு அறையில் உட்கார வைத்துவிட்டார். 2021 பிப்ரவரியில் நாடே அதைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், நம் ஊரிலும் இப்படி ஒரு கூட்டம் மாதாமாதம் நடக்கிறதே, ஒருநாள் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஆக, என்னைக் கவுன்சில் கூட்டத்துக்கு அனுப்பிவைத்தது சமூக அக்கறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஊர்ப் பத்திரிகை எனக்குக் கொடுத்ததில் மிகப் பெரியது ஒரு நவம்பர் மாலை. உள்ளூர் வரலாற்றுக் குழுவின் பேச்சு, நுழைவு மூன்று பவுண்டு, தேநீர் உண்டு என்று இரண்டு வரி விளம்பரம். மழையில் வேறு வேலை இல்லாமல் போனேன். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஸ்டோக் ரோ என்ற கிராமத்தில் இருக்கும் கிணற்றைப் பற்றிப் பேசினார்கள். சில்டர்ன் குன்றுகளில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் மேலே தங்காது. பக்கத்து இப்ஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் ரீட் என்பவர் இந்தியாவில் பெரிய அதிகாரியாக இருந்தவர். தன் ஊர்ப்பக்கம் ஒரு சிறுவன் வீட்டிலிருந்த கடைசிச் சொட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக அடி வாங்கிய கதையைக் காசி மகாராஜாவிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். மகாராஜா அதை மறக்கவில்லை. அவர் கொடுத்த பணத்தில் 368 அடி ஆழத்துக்குக் கையாலேயே தோண்டி, 1864இல் ஊருக்குத் திறந்துவிட்டார்கள். மேலே குவிமாடம், வாளி இழுக்கும் இயந்திரத்தின் உச்சியில் ஒரு யானை. பராமரிப்புச் செலவுக்கு என்று பக்கத்திலேயே ஒரு செர்ரித் தோப்பும் வைத்தார்கள்.

இங்கிலாந்துக்கு இந்தியா தண்ணீர் கொடுத்தது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அங்கிருந்து இங்கே வந்த செல்வம் எவ்வளவு, எப்படி வந்தது என்பதை ஒரு கிணற்றை வைத்து மூடிவிடவும் முடியாது. ஆனால் அன்று அந்த ஹாலில் 'மகாராஜா' என்ற சொல்லைப் பேச்சாளர் சரியாக உச்சரிக்கத் தடுமாறியபோது எல்லோரும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லிக் கொடுத்தேன். காசிக்கும் எனக்கும் உள்ள தூரத்தை விளக்க அப்புறம் தேநீர் நேரம் முழுவதும் ஆனது. ஊருக்குக் கிணறு வெட்டுவதும் குளம் தொடுவதும் எங்கள் பக்கம் பெரிய தர்மம் என்றேன். செர்ரித் தோப்பு விஷயத்தை நான் மிகவும் ரசித்ததைப் பார்த்து ஒரு பாட்டி ஏன் என்று கேட்டார். எங்கள் ஊரில் குளத்தை வெட்டினால் அதன் பராமரிப்புக்கு நிலமும் எழுதிவைப்பார்கள், அதே மூளைதான் என்றேன். அந்தப் பாட்டிதான் பத்திரிகையின் ஆசிரியை என்று எனக்கு அன்று தெரியாது. அடுத்த மாதமே என் தலையில் 46 வீடுகளைக் கட்டிவிட்டார்.

என் மனைவியின் கதை இதைவிடச் சிக்கலானது. கோடையில் தோட்டத் திருவிழாவில் தேங்காயை மேடையில் வரிசையாக நிறுத்தி, பந்தெறிந்து கீழே தள்ளும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. தள்ளிய தேங்காய் தள்ளியவருக்கு. அவள் நான்கு தேங்காய் தள்ளினாள். ஐந்தாவதை வேண்டாம் என்று அவர்களே பந்தை வாங்கிக்கொண்டார்கள். அந்த உற்சாகத்தில், ஆகஸ்டில் நடக்கும் ஊர்க் கண்காட்சியில் சட்னிக்கு ஒரு போட்டி இருப்பதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, வெற்றித் தேங்காயில் ஒன்றை அரைத்துத் தாளித்துக் கொண்டுபோய் வைத்தாள்.

மத்தியானம் கூடாரத்தைத் திறந்தபோது, அவள் பாட்டில் மேல் ஒரு சிறிய அட்டை. 'போட்டி விதிப்படி இல்லை' என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்து. நடுவர் ருசிகூடப் பார்க்கவில்லை. இங்கே சட்னி என்றால் பழத்தை வினிகரிலும் சர்க்கரையிலும் காய்ச்சி, புது மூடி போட்ட பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, தேதி எழுதி, இரண்டு மூன்று மாதம் ஊறப்போட்டது. காலையில் அரைத்ததைச் சாயங்காலம் கொட்டிவிடுகிற நமக்கு இது எங்கே தெரியும்? சொல் நம் பக்கத்திலிருந்து போனது, பொருள் கப்பலில் வரும்போதே ஊறிவிட்டது போலிருக்கிறது. அவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் கண்காட்சி விதிகளை முழுவதும் படித்தாள். விக்டோரியா ஸ்பஞ்ச் கேக்கில் ராஸ்ப்பெரி ஜாம் மட்டும்தான், க்ரீம் வைத்தால் தள்ளுபடி. தக்காளி என்றால் காம்போடு இருக்க வேண்டும். எல்லாவற்றையும் படித்துவிட்டு, அடுத்த வருடம் மே மாதமே எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு, 'பிற பதப்படுத்திய வகை' என்ற பிரிவில் வைத்து, இரண்டாம் பரிசு வாங்கினாள். பரிசுத் தொகை ஒரு பவுண்டு. அந்த நாணயம் இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எல்லாம் இனிப்பாகவே இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பப்பில் ஒருவர் என்னிடம் எந்த டேக்அவே உங்களுடையது என்று கேட்டிருக்கிறார். பத்திரிகை போடப் போன ஒரு வீட்டில், வாசலில் நின்று என்ன செய்கிறாய் என்று அதட்டியிருக்கிறார்கள். கையிலிருந்த கட்டைக் காட்டியபிறகுதான் குரல் இறங்கியது. இந்த அனுபவங்கள் உங்களுக்கும் இருக்கும், அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை 40 மைல் ஓட்டிப்போய்த் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கி, அங்கே பார்க்கிற நாலு பேரோடு பேசிவிட்டு வருகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். நானும் போகிறேன். ஆனால் இரவு ஒன்பது மணி பஸ்ஸை அந்தக் கடையில் வைத்து மீட்க முடியாது.

அதற்கு மே மாதம் ஒரு வழி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் நடுவில், ஒவ்வொரு பாரிஷிலும் வாக்காளர் கூட்டம் நடத்தியாக வேண்டும். சட்டம் அப்படி. வேலைக்குப் போகிறவர்களும் வர வேண்டும் என்பதால் மாலை 6 மணிக்கு முன்னால் தொடங்கக்கூடாது. ஏழு முழு நாள் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும். இது கவுன்சிலின் கூட்டம் இல்லை. கவுன்சில் கூட்டத்தில் நமக்குப் பேச நேரம் கொடுப்பது தலைவர் மனது. இந்தக் கூட்டம் வாக்காளர்களுடையது, பட்டியலில் பெயர் உள்ள எவரும் எழுந்து பேசலாம், கையைத் தூக்கி வாக்களிக்கலாம். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு 'கிராம சபை' என்றால் சட்டென்று புரியும். எங்கள் ஊரில் அது மே மாதம் இரண்டாம் வியாழன், மாலை 7 மணி, வில்லேஜ் ஹால். போன வருடம் வந்தவர்கள் கவுன்சிலர்களையும் சேர்த்து 14 பேர்.

பஸ்ஸை நிறுத்தியது ஊர்க் கவுன்சில் இல்லை, அதைத் திரும்ப ஓட்டு என்று யாருக்கும் உத்தரவு போட அவர்களால் முடியாது. அதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். ஆனால் 1997ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், உள்ளூர்ப் போக்குவரத்துக்குப் பணம் செலவழிக்கும் அதிகாரத்தைப் பாரிஷ் கவுன்சில்களுக்குக் கொடுத்திருக்கிறது. பஸ் சேவைக்கு மானியம் தரலாம், கார் பகிர்வுத் திட்டம் தொடங்கலாம், டாக்ஸிக் கட்டணத்தில் சலுகைக்கு ஏற்பாடு செய்யலாம். வாரத்தில் நான்கு இரவு, முதியோர் இல்ல ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு ஒரு வண்டி. என்ன செலவாகும் என்று விசாரித்துக் கணக்குப் போடுங்கள் என்று கேட்பதில் தவறில்லை. யார் போகிறார்கள், எத்தனை நாள், எத்தனை மணிக்கு என்ற விவரத்தோடு அந்தத் தங்கச்சிகளே எழுந்து சொன்னால், 11 சீட்டு செய்யாததை அது செய்யும். அவர்களோடு அதே ஷிஃப்டில் வேலை செய்யும் கேரளப் பெண்ணும் ஜிம்பாப்வேக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலம் தடுமாறினால் எழுதி வாசிக்கலாம். என்னுடையதும் அங்கே தடுமாறத்தான் செய்கிறது, யாரும் கடித்துவிடவில்லை.

மே மாதத்தில் நடக்காவிட்டால்? அதற்கும் விதி இருக்கிறது. ஆறு வாக்காளர்கள் கையெழுத்திட்டால் வருடத்தின் எந்த மாதத்திலும் ஒரு பாரிஷ் கூட்டத்தைக் கூட்டலாம். ஆறே பேர். காய்கறி போடக் கவுன்சிலிடம் அலாட்மென்ட் நிலம் கேட்டு மனுக் கொடுக்கவும் 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு பேர்தான் தேவை, கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். (வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் இந்த மண்ணில் அருமையாக வருகின்றன. வெண்டைக்காயில் மட்டும் நான் மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.) நமது நான்கு வீட்டில் வயது வந்தவர்கள் எட்டுப் பேர். பட்டியலில் பெயர் இருப்பது மூன்று பேருக்கு. இதை நான் கணக்குப் பார்த்து இரண்டு வாரமாகிறது, இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வரும் சனிக்கிழமை ஏப்ரல் இதழ் வருகிறது. இந்த முறை துளையில் போட்டுவிட்டுப் போக மாட்டேன், மணியை அடிப்பேன். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவர்கள் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள், மத்தியானம் வருகிறேன். பெயர் சேர்ப்பதற்கு போன் கையில் இருந்தால் வாசலிலேயே முடித்துவிடலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பசுமைத் திடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு டெலிபோன் கூண்டைத் தெரியும்தானே? தொலைபேசி நிறுவனத்திடம் ஒரு பவுண்டு கொடுத்து ஊர் வாங்கிப் புத்தக அலமாரியாக்கி வைத்திருக்கிறதே, அதுதான். எடுத்துக்கொண்டு போகலாம், படித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம், கணக்கு யாரும் பார்ப்பதில்லை. பிப்ரவரியில் அதன் மூன்றாம் தட்டில், தோட்டக்கலைப் புத்தகங்களுக்கு நடுவில், ஒரு பழைய தமிழ் நாவலின் முதல் பாகத்தை வைத்தேன். பத்து நாளில் காணோம். உங்கள் மூன்று வீட்டிலும் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன், அப்படி ஒரு புத்தகம் வைத்ததே உங்களுக்குத் தெரியாது. அப்படியானால் இந்த ஊரில் தமிழ் படிக்கிற ஐந்தாவது வீடு ஒன்று இருக்கிறது. என் 46 வீடுகளில் அது இல்லை, மேல்தெருவில் வேறொருவர் பத்திரிகை போடும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எடுத்துப் போனவருக்கு: அவசரமில்லை, நிதானமாகப் படியுங்கள். இரண்டாம் பாகம் என்னிடம் இருக்கிறது. மே மாதக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஏழாம் பக்கத்தைச் சொல்லாமல் விட்ட பத்திரிகைக்காரன்